ஆறு கட்டைக் குரல்

பாண்டிசெல்வியிடம் இரண்டு மாதம் பொய் சொன்னேன். வாயைத் திறக்காமல் விரலாலேயே சொன்ன பொய் அது. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை இரண்டு தடவை அழுத்தினால் நான் ஆறு கட்டையில் விரல் வைத்தாலும் சத்தம் சுருதி இறங்கி ஐந்து கட்டையில் வரும். பக்கத்தில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது.

செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை. எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்து அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் இருவரும் பாட்டுக்காரிகள். பன்னிரண்டு வருடமாக கோயில் கொடை, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறோம். அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். கட்டை எண் கூடக் கூட சுருதி உயரும், எல்லாப் பெண்களுக்கும் ஆறு சுலபத்தில் எட்டாது. அவளுக்கு எட்டியது. சேத்தூர், மம்சாபுரம் பக்கமெல்லாம் 'ஆறு கட்டை செல்வி' என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. என் கீபோர்டில் தன்னுடைய ஸா எதுவோ அதன்மேல் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டி வைத்திருந்தாள். பாடுவதற்கு முன்னால் அதைத் தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்வாள்.

சித்திரையில் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் பழையபடி உயரப் போகாமல் இருக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"ஏட்டி அனுசியா, ஆறு கட்டை போச்சுன்னா நான் மேடை ஏற மாட்டேன். தையல் மெஷினே போதும் எனக்கு" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். ஒரு கோபத்தில் காபியை விட்டாள், ஏழு வருடமாகத் தொடவில்லை. அதனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பாடாத ஞாயிற்றுக்கிழமைகளை நான் என்ன செய்வேன்?

ஆவணியில் அவள் வீட்டில் மறுபடி பாடிப் பார்த்தோம். நாங்களே கட்டிய பாட்டு ஒன்று, ஹார்மோனிக் மைனரில் அமைந்தது. சங்கீதம் முறையாகப் படித்தவர்கள் கீரவாணி என்பார்கள். நான் போனில் வீடியோ பார்த்துப் படித்தவள், எனக்கு அது வந்த பெயரிலேயே இருக்கட்டும். சாதாரண மைனரில் ஏழாவது ஸ்வரமான நியை மட்டும் அரைக் கட்டை தூக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. ஆனால் தூக்கியதும் அதற்கும், அதன் கீழே இருக்கிற தா ஸ்வரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. தாண்டிப் போய் நியில் கால் வைத்தால் அங்கே நிற்க முடியாது. மேல் ஸா பக்கத்திலேயே இருந்துகொண்டு, வா வா என்று இழுக்கும்.

அந்த இழுப்பில் எனக்கு ஒரு மயக்கம். ஞாயிறு காலை பஸ்ஸில் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்து மடியில் விரலை ஓட்டுவேன். மலை மேல் மேகம் படுத்துக் கிடக்கும். பள்ளத்தைத் தாண்டும்போது மேகத்துக்குள் போய்விட்டு வந்தது போல இருக்கும். ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தப் பள்ளத்தில்தான் செல்வியின் குரல் உடைந்தது. சளி என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடிக்க உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை. அவள் பொட்டு வைத்த இடத்தை அழுத்தி, "இன்னிக்குத் தொண்டை தேவல" என்றாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருட்டு முழியும் முழித்தேன்.

பொத்தான் என்றைக்காவது காலை வாரிவிடும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அதனால் நிஜமான ஐந்து கட்டையிலேயே அந்த ஸ்கேலைப் படிக்க ஆரம்பித்தேன். ஆறில் எல்லாம் வெள்ளை, நி மட்டும் கறுப்பு. ஐந்தில் மூன்று கறுப்பு, விரல் தடுமாறும். வேலையில் துணிக்கட்டின்மேல் வாசித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் சுடலையம்மாள், "என்னட்டி, பேண்டேஜுக்குப் பேன் பாக்கியா?" என்றாள்.

நவராத்திரியில், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்கோயில் ஒன்றில் சாயங்காலக் கச்சேரி. ஆபரேஷனுக்குப் பிறகு செல்விக்கு முதல் மேடை. கீபோர்டை மாட்டிய ஐந்தாவது நிமிடம் கரண்ட் ஏறி இறங்கியது. அடாப்டரிலிருந்து புகை வந்தது.

விழாவை நடத்துகிற ஐயாதுரை அண்ணன் ஓடிப்போய் ஒரு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பஜனைப் பொட்டி தங்கச்சி. சுருதி சுத்தமா நிக்கும்."

அதில் பொத்தான் எதுவும் கிடையாது.

செல்வி வழக்கம்போல் குனிந்து தன் ஸாவை அழுத்தினாள். நிஜமான ஆறு கட்டை. அதோடு சேர்ந்து முனகிப் பார்த்தாள், குரல் கீழேயே நின்றது. மறுபடி அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஐந்து கட்டையில் விரல் வைத்தேன். அவள் குரல் போய் அங்கே உட்கார்ந்தது.

"எம்புட்டு நாளா?"

"ஆவணியிலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"மேடை ஏற மாட்டேன்னியேட்டி."

அவள் பார்வை படியோரம் கழற்றிவிட்ட செருப்புக்குப் போனது. போய்விடுவாள் என்றே நினைத்தேன். கீழே சுண்டலோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி மைக்கைப் பிடித்தாள்.

மூன்று கறுப்பும் தப்பாமல் வாசித்தேன். முதல் அடி நன்றாகவே வந்தது. இரண்டாவது அடியில் பள்ளத்தைத் தாண்டி நிக்குப் போனபோது அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்தும் அவளுக்கு அதிகம். இரண்டு மாதமாக, தன் தொண்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டு, அந்த உயரத்துக்குக் கஷ்டப்பட்டு ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

செல்வி பாட்டை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் காதிலும் விழும்படி மைக்கிலேயே சொன்னாள்.

"ஏட்டி அனுசியா, ஆறும் வேண்டாம், அஞ்சும் வேண்டாம். இன்னும் அரைக் கட்டை எறக்கு."

நாலரைக் கட்டை நான் படிக்காத இடம். அங்கே ஸாவே கறுப்பில் இருக்கிறது. விரல் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். பழைய செல்வியிடம் நான் கேட்டிராத, அடியில் கிடக்கிற, கொஞ்சம் கரகரத்த குரல். மேகம் இறங்கித் தெருவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே போனேன்.

நி வந்தது. அது எங்கே இருக்கிறதென்று என் கைக்குத் தெரியவில்லை. யாரும் நிற்க முடியாத அந்த இடத்தில் அவள் நின்றாள், நரம்பு புடைக்காமல், அவசரமில்லாமல், நான் கண்டுபிடிக்கும்வரை. கண் கலங்கி எல்லாம் மங்கலாகத் தெரிய, ஒரு வெள்ளையை அழுத்தினேன். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அவள் மேல் ஸாவுக்குப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு.