செல்வமணிக்கு வந்து சேராத மெயில்கள்

1

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2009 ஜூன் மாதம், தேனியில் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. சாக்குப்போக்குகளைச் சேர்க்கச் சேர்க்க நீண்டுபோய்க் கதையாகிவிட்டது. முதல் வரைவு இது:

"சர்வரில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, தங்களுக்கு வர வேண்டிய சில

[பொய். சர்வர் பாவம், ஒன்றும் செய்யவில்லை.]

இரண்டாவது:

"இனியன் என்றொரு வெப்சைட் போடுகிறவன் இருந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் கொஞ்சம் மறதி

[இனியன் நான்தான். 'அவன்' என்று எழுதினால் குற்றம் கொஞ்சம் தள்ளி நிற்குமா என்று பார்த்தேன். நிற்கவில்லை. நடுவில் கெட்டிக்காரன் என்று சேர்த்துக்கொண்டதையும் கவனித்திருப்பீர்கள்.]

2

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து கம்பம் வரை சின்னச் சின்னக் கடைக்காரர்களின் வெப்சைட்டுகளைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. போகிற இடத்திலெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவேன்: விசாரித்தவரை விடாதீர்கள், மூன்றாம் நாள் போன் போடுங்கள், பெயரை நோட்டில் குறித்து வையுங்கள்.*

தேவாரத்துச் செல்வமணி அக்கா பத்து வருடம் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். ஏலக்காய் காய்ப்பது செடியின் அடியில். குனிந்துதான் எடுக்க வேண்டும். மழையில் குனிந்தால் கடையில் வாங்கிய மழைக்கோட்டின் தொப்பி சரிந்து முகத்தை மூடிவிடும். அக்கா தைத்த கோட்டில் மூடாது. அந்த ஒரு தொப்பியை நம்பித் தோட்ட வேலையை விட்டார், ஐந்து தையல் மெஷின் வாங்கிப் போட்டார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தோட்டக்காரர்கள் பார்க்கட்டும் என்று 2008 ஜூலையில் வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். விசாரிக்கிறவர்கள் எழுதி அனுப்ப ஒரு படிவமும் அதில் வைத்தேன்.

படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க என்னுடைய பழைய மெயில் முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு அக்காவின் முகவரியைப் போட மறந்துபோனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

* ஊருக்குத்தான் உபதேசம். யாராவது விசாரித்தார்களா என்று அக்காவிடம் நான் மூன்றாம் நாளும் கேட்கவில்லை, மூன்றாம் மாதமும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் என் வேலையைக் குறை சொன்னதாகிவிடும் என்று இருந்துவிட்டாராம்.

3

2009 ஜூனில் ஒரு புதன்கிழமை அக்கா போன் செய்தார். வெப்சைட்டை எடுத்துவிடச் சொன்னார். கம்பத்தில் ஒருவர் மெஷின்களை விலைக்குக் கேட்டிருக்கிறாராம், சனிக்கிழமை வேன் வருகிறதாம், திங்கட்கிழமை முதல் தோட்டத்துக்கு ஜீப் ஏறப்போகிறாராம்.

எடுப்பதற்காகத் திறந்தபோதுதான் படிவத்தில் என் பழைய முகவரி கண்ணில் பட்டது. பதினோரு மாதமாகத் திறக்காத பெட்டி, பாஸ்வேர்டு நினைவுக்கு வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே அறுபத்தொரு மெயில்கள் இருந்தன. நெடுங்கண்டத்துக்காரர் ஒருவர் ஆங்கில எழுத்தில் மலையாளம் எழுதி, படத்தில் இருப்பது போலவே இருபது கோட்டு கேட்டிருந்தார். வண்டன்மேட்டுக்காரர் ஒருவர் நான்கு தடவை விலை கேட்டுவிட்டு, ஐந்தாவதில், தர முடியாதென்றால் அதையாவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

4

இந்த இடத்தில் செல்வமணி என்ற பாத்திரத்தோடு எனக்குத் தகராறு வந்துவிட்டது. ஒரு வரைவில் அவர் கத்தரிக்கோலை எறிந்தார். அடுத்ததில் மண்ணை வாரித் தூற்றினார். மூன்றாவதில் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார், நான் வாசலில் மழையில் நனைந்துகொண்டு

[மழையை நான்தான் வரவழைத்தேன். என்மேல் யாருக்காவது இரக்கம் வர வேண்டாமா?]

என் மனைவி அபிதா மூன்றையும் படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவுகளப் போயிப் பாக்காமலே இன்னும் எத்தன தடவ எழுதுவீக? இன்னைக்கு வியாழக்கெழம."

5

வெள்ளிக்கிழமை காலை எல்லா மெயில்களையும் அச்செடுத்துக்கொண்டு தேவாரம் பஸ் ஏறினேன். அக்கா மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், வாங்குகிறவர் முகம் சுளிக்கக் கூடாதாம். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எழுதி வைத்திருந்ததில் ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை. தாள்களை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"அறுபத்தோரு பேரா?"

"அம்பத்தேழு பேருக்கா. ஒருத்தரு மட்டும் அஞ்சு தடவ எழுதியிருக்காரு."

அவர் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"ஒருத்தருமே கேக்கலைன்னுல்ல தம்பி நெனச்சேன். என் கோட்டுத்தேன் சரியில்லையோன்னு தொப்பிய மூணு தடவ பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். கேட்டுருக்காக. இத்தன பேரு கேட்டுருக்காக."

நான் எழுதிய எந்த வரைவிலும் இது இல்லை. என் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டார்.

முகத்தைத் துடைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே இனியா, பதினோரு மாசமா என்னத்தலே பாத்துக்கிட்டிருந்த?"

அதற்கப்புறம் கால் மணி நேரம் வாங்கிய திட்டுகளை இங்கே எழுதப்போவதில்லை. 'தம்பி' போய் 'ஏலே' வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அப்பாடா என்று அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

6

முடிவு மூன்று வைத்திருக்கிறேன். வேன் வெறுமனே திரும்பிப் போகிறது. வேன் இரண்டு மெஷினை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. வேன் ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போகிறது, ஆனாலும் அக்கா

[இதை முடிக்க மனம் வரவில்லை.]

சனிக்கிழமை நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் மெஷின்கள் தப்பினவா என்பதுதான் கதை என்று ஆகிவிடும். நான் நிறுத்த விரும்புவது வெள்ளிக்கிழமை மத்தியானம். அக்கா மேலாக இருந்த தாளை எடுத்து மெஷின்மேல் விரித்து வைத்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அதில் இருக்கும் போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்துகிறார்.

அந்த எண்ணுக்கு உரியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் எப்போதோ ஒரு மழைக்கோட்டு கேட்டு எழுதினீர்கள். மறந்துகூடப் போயிருப்பீர்கள். இப்போது மணி அடிக்கிறது. எடுத்து என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வேண்டாம் என்றுகூட. எடுத்தால் போதும்.