இடது கை சுவரைத் தொடவில்லை

தகுதி நீக்கச் சீட்டில் நடுவர் குண்டு குண்டாக எழுதியிருந்தார்: 'இடது கை சுவரைத் தொடவில்லை.'

குளத்தில் எல்லோரும் குமாஸ்தா என்று கூப்பிடும் அவளுக்கு இடது கை பிறவியிலேயே முழங்கையோடு முடிந்துவிட்டது. இல்லாத கை எங்கே போய்த் தொடும்? இது மாற்றுத்திறனாளிகளுக்கான நூறு மீட்டர் பட்டர்ஃபிளை என்பது, கிழக்குச் சுவரோரம் தொப்பியும் விசிலுமாக நின்ற அந்த மகானுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அந்தச் சீட்டின் தலைப்பே அதுதான்.

"சார், எனக்கு இடது கையே இல்லையே."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். அது தொட்டதை நான் பாக்கல."

"இருந்தாத்தானே பாப்பீங்க?"

"பட்டர்ஃபிளைல ரெண்டு கையும் ஒண்ணா தொடணும். விலக்கு இருந்தா பட்டியல்ல உங்க பேருக்கு நேரா குறியீடு போட்டிருப்பாங்க. இதுல காணோம்."

பட்டியலைப் பார்த்தாள். குறியீட்டுக் கட்டத்தையே காணோம். யாருக்கு எந்தக் கை தொட்டால் போதும், யார் தோளால் தொடலாம் என்று சொல்லும் கட்டம் அது. அது இருக்க வேண்டிய ஓரத்தில் இன்றைய தலைமை விருந்தினர் படமாக மேலிருந்து கீழ்வரை வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

தேசிய அணிக்கு ஒரு நிமிடம் பதினெட்டு விநாடிக்குள் வர வேண்டும். அவள் பதினேழில் வந்திருந்தாள். வயது முப்பத்துமூன்று. இரண்டு தோளின் வேலையை ஒன்றாகச் செய்த வலது தோள் இன்னொரு வருடம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதுதான் கடைசித் தேர்வுப் போட்டி. அரை மணி நேரத்துக்குள் சங்கச் செயலாளர் கையெழுத்தோடு மனு போகாவிட்டால் அந்த நேரம் செல்லாது.

செயலாளர் மேடையில் நாற்காலிகளை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக நீச்சல் சங்கத்தை ஆள்கிறார். அவருக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒரே சம்பந்தம் மேஜையில் இருக்கும் பாட்டில். போட்டியாளர் பத்து வயதானாலும் ஐம்பது வயதானாலும் அவருக்குத் தெய்வக் குழந்தைதான்.

"அந்தக் கட்டமா? கிறுக்கின மாதிரி அசிங்கமா இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டுப் படத்தைப் போடச் சொன்னேன்."

"அதனால என்னைத் தள்ளிட்டாங்க சார்."

"அட, விடும்மா. நீ நீந்துறதே பெரிய சாதனை. மேடையில உனக்கு ஒரு தன்னம்பிக்கைக் கேடயம் குடுத்துடலாம்."

"கேடயம் வேணாம். மனுவில ஒரு கையெழுத்து போதும்."

"விழா முடியட்டும், தெய்வக் குழந்தை. பெரியவர் வர்ற நேரம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடமாக விடிவதற்கு முன் குளத்தில் இறங்கியது, இந்த ஆள் கையிலிருந்து ஒரு கேடயம் வாங்கி இளித்துக்கொண்டு நிற்கவா? கத்தினால் பாவம், மனசு உடைஞ்சிருக்கு என்பார்கள். அந்த 'பாவம்' வேறு வேண்டியதில்லை.

அவள் வேலை பார்ப்பது ஓர் அரசு அலுவலகத்தில். ஒன்பது வருடமாக அதிகாரிகளிடம் கோப்பில் கையெழுத்து வாங்குவதுதான் அவள் பிழைப்பு. எந்த அதிகாரி எப்போது படிக்காமல் போடுவார் என்பது அவளுக்கு அத்துப்படி. குளத்தோரம் உட்கார்ந்து, தாளைக் குட்டைக் கையால் அழுத்திக்கொண்டு மனுவை எழுதினாள். எழுதி முடித்ததைத் தானே இரண்டு முறை படித்தாள். ஒரு வரியும் பொய் இல்லை.

பிறகு காத்திருந்தாள். இன்னும் ஏழு நிமிடம் இருக்கும்போது வாசலில் காரின் ஹாரன் கேட்டது. செயலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவள் தாளை மடித்து, அடிப்பக்கம் மட்டும் தெரியும்படி நீட்டினாள்.

"சார், இந்த இடத்துல."

கண் வாசலில் இருக்க, கை போட்டது. கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

தலைமை நடுவர் ஒரு பெண்மணி. அங்கே படிக்கிற வழக்கம் உள்ள ஒரே ஆள். மனுவை முழுதாகப் படித்தார், அவளுடைய அடையாள அட்டையில் குறியீட்டைப் பார்த்தார், கிழக்குச் சுவர் நடுவரை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டின் குறுக்கே கோடு கிழித்தார்.

"உங்க நேரம் செல்லும்மா. மனு தேசிய சம்மேளனத்துக்குப் போகும். ஒரு நகலை முடிவோட சேத்துப் பலகையில ஒட்டணும்."

செய்தி மேடைக்குப் போன வேகத்தில் செயலாளர் விருந்தினரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பலகைக்கு வந்துவிட்டார்.

"நம்ம தெய்வக் குழந்தைதாங்க. தேசிய அணிக்கே தகுதி வாங்கிட்டா. எல்லாம் நான் ஊக்கம் குடுத்ததுதான்."

விருந்தினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முடிவின் கீழே ஒட்டியிருந்த தாளைச் சத்தமாகப் படித்தார்.

"செயலாளராகிய நான், தலைமை விருந்தினரின் படத்துக்கு இடம் வேண்டி, என்னவென்று தெரியாமலே குறியீட்டுக் கட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன். இந்தப் போட்டியாளரின் தகுதி நீக்கத்துக்கு அதுவே காரணம்."

அவர் கோட்டையும் இரண்டு புள்ளியையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உங்க கையெழுத்துதானே?"

செயலாளரின் முகம் செத்துப்போயிருந்தது. அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா எழுதியிருக்கே?"

அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொன்னதைத்தான் சார். படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"