பெருக்கல் குறி போட்ட மரம்

சம்பந்தியம்மா மோனிக் ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். போலீஸ்காரர்கள் போடுகிற கனத்தில், கணுக்கால் வரை கயிறு கட்டுகிற மாதிரி. நானோ சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில் நின்றுகொண்டிருந்தேன். "போட்டுக்கம்மா, ஒன் செருப்பு மலையில வழுக்கும்" என்றாள் என் மகள் ஜெஸ்ஸி. ஆறு மாத வயிற்றை வைத்துக்கொண்டு அவளும் குனிந்து தன் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாச்சி மலையேறக் கிளம்புகிறாள், மாமியார்க்காரி தடுக்காமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இது என்ன குடும்பமோ, என்ன ஊரோ!

நான் பிரான்சுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். என் அம்மாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. ஜெஸ்ஸி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது அங்கே வந்த பியேரைக் கட்டிக்கொண்டாள். சரி, பையனும் நம்மைப் போல வேதக்காரன், கிறிஸ்தவன்தானே என்று திண்டுக்கல் கோயிலிலேயே சாமியார் மந்திரிக்கக் கல்யாணம் செய்துவைத்து அனுப்பினோம். அதற்காகப் பிரசவத்தையும் விட்டுக்கொடுக்க முடியுமா? வீட்டில் என் வீட்டுக்காரர் ஞானராஜ் முன்னறைக்கு வெள்ளையடித்து, மச்சில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி வைத்துவிட்டார். ஞாயிறு தோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு ஒரே கேள்விதான். "என்னா ஐரினு, வாராளா?" நானும் வாராவாரம் "பேசிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே பேச? நான் வாயைத் திறந்தாலே "நாளைக்குப் பேசுவம்மா" என்று ஜெஸ்ஸி நழுவிவிடுவாள். ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்கிற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மோனிக்குக்கு இதெல்லாம் தெரியாது. விருந்தாளிக்கு ஊரைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இடிந்த கோட்டை ஒன்றைக் காட்டினாள். எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பார்த்தவளுக்கு அது எம்மாத்திரம்? அருவி என்று ஒன்றைக் காட்டினாள். மழைக்காலத்தில் சிறுமலை ஓடையில் விழுகிற தண்ணீர்தான். எண்ணூறு வருசத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள். எங்கள் ஊரில் இரண்டாம் பூசைக்குப் போனால் வாசலில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். இதில் கொடுமை என்னவென்றால், எல்லா இடத்துக்கும் நடைதான். கார் சும்மா கொட்டகையில் நிற்கிறது. விருந்தாளியைக் காட்டு வழியாக நடக்கவிட்டு அதைப் பெரிய மரியாதையாக நினைக்கிற ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

அவர்கள் வீட்டு வாசலை ஒட்டியே ஒரு பாதை மலைக்குப் போகிறது. ஆணும் பெண்ணுமாக முதுகில் மூட்டை, கையில் கம்போடு காலையிலிருந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நொண்டுகிறவர்களும் உண்டு. எனக்குப் பழனி பாதயாத்திரைதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீடு பழனி ரோட்டில். தை மாதம் முருகனுக்கு நடந்து போகிறவர்களுக்கு வாசலில் மோர்ப்பானை வைப்போம், என் மாமனார் காலத்திலிருந்தே. பழக்கம் விடுமா? மோனிக் வீட்டுத் தயிரைக் கடைந்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பெருங்காயத்தையும் கரைத்து வாசலில் நின்றேன். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்த ஒருவர் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தார். மறுபடி கையை நீட்டினார்.

"எந்தக் கோயிலுக்குடி போறாங்க? என்ன நேர்ச்சையாம்?" என்று ஜெஸ்ஸியிடம் கேட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. லீவு விட்டா நடப்பாங்கம்மா."

"போடி கூறுகெட்டவளே. நேர்ச்சை இல்லாம எவனாச்சும் லீவு போட்டுக் காலப் புண்ணாக்கிக்கிருவானா? சொல்ல வெக்கப்படுறாங்க."

பூட்ஸ் போட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, மலை மேல் குகை மாதிரிக் கட்டியிருக்கும் சின்ன மாதா கெபிக்கு என்றார்கள். சரி, மாதா முன்னால் நிறுத்திக் கேட்டால் இவள் நழுவ முடியாது என்று நானும் நடந்தேன். வழி நெடுக மரங்களில் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது என்றாள் ஜெஸ்ஸி. மேலே போய்ச் சேர்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"டிக்கெட்டு போடணும் ஜெஸ்ஸி. வாரியா, இல்லையா?"

அவள் மாதாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "வரலம்மா."

"ஏன்?"

"பெறக்கும்போது பியேரு பக்கத்துல இருக்கணும்மா. இங்கன அப்பன்காரன உள்ள விடுவாங்க. அங்க விடமாட்டாங்க."

"ஆம்பளைக்கு அங்க என்னடி சோலி? நா நிக்க மாட்டனா? ஒங்கப்பா கொக்கியெல்லாம் மாட்டி வச்சிருக்காருடி!"

"தெரியும்மா. அதத் தெரிஞ்சுதான் இம்புட்டு நாளா வாயத் தொறக்கல."

"அப்ப நான் எதுக்கு?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கடைசியில் ஒரு பிரசவம் பார்க்கக்கூட நான் ஆகாதவளா? மோனிக் என் தோளைத் தொட வந்தாள். தட்டிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன்.

கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கத்து மரத்தில் கோட்டுக்குப் பதிலாக வெள்ளையும் சிவப்புமாகக் குறுக்குச் சிலுவை ஒன்று தீட்டியிருந்தது. ஞானோபதேச வகுப்பில் எத்தனை வருசம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்திரேயா அப்போஸ்தலரை அறைந்த சிலுவை அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஆகா, நான் சொன்னது சரியாகப்போயிற்று, இது நேர்ச்சைப் பாதையேதான் என்று கும்பிடு போட்டுவிட்டு அதில் இறங்கினேன். மனசு வேதனையில் இருக்கிறவளுக்கு மரத்தில் ஒரு சிலுவை தெரிந்தால் வேறு என்னதான் செய்வாள்?

கொஞ்ச தூரத்தில் பாதையே இல்லை. முள்ளும் புதருமாக இருந்தது. சேலை மாட்டி முழ நீளத்துக்குக் கிழிந்தது. திரும்பினால் வந்த வழியும் தெரியவில்லை. ஆளில்லாத காட்டில், பாஷை தெரியாத ஊரில், போலீஸ் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி அழுதேன். அழ அழ, மகள் வராததற்கு அழுகிறேனா, வழி தெரியாமல் அழுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அம்மோவ்!"

மேட்டின் மேல் ஜெஸ்ஸி நின்றாள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும், எதில் கூடாது என்று தெரிந்தவளாக இறங்கி வந்தாள். பின்னாலேயே மோனிக். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.

"வயித்துப் பிள்ளையோட ஏன்டி எறங்குன? விழுந்து கிழுந்து வச்சா?"

"நா தெனம் நடக்குற எடம்மா இது. நீ ஏன் இந்தப் பக்கம் வந்த? மரத்துல பெருக்கல் குறி போட்டிருக்கே, இந்த வழியா வராதன்னு!"

"சிலுவைன்னு நெனச்சேன்" என்றேன். "அந்திரேயா சிலுவை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வயிறு என் மேல் முட்டியது. உள்ளே பிள்ளை உதைத்தது எனக்கே தெரிந்தது. மோனிக் கிழிந்த முந்தானையை எடுத்துப் பார்த்து "ஓ லலா" என்றாள். திரும்பும்போது ஜெஸ்ஸி முன்னால் நடக்க, அவள் கால் வைத்த இடத்திலேயே நானும் கால் வைத்து வந்தேன். என் மகளுக்கு இந்த ஊர் பழகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அது உண்மை.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினேன். கிழிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பழஞ்சேலை, இனிமேல் உடுத்த ஆகாது. அண்ணாந்து பார்த்தேன். தென்னை மரக் கனத்துக்கு உத்திரங்கள். நான் பார்ப்பதை மோனிக் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் சேர்த்து, பிள்ளையை ஆட்டுவது போல ஆட்டிக் காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஸ்டூலும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் ஸ்டூலில் ஏறி உத்திரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெஸ்ஸி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"என்னா ஐரினு, வாராளா?"

"ஏங்க" என்றேன். "அந்தக் கொக்கி மாட்டுனீங்களே, எப்பிடி மாட்டுனீங்க?"

அந்தப் பக்கம் பழனி ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"மேல என்னா, மரமா காங்கிரீட்டா?" என்று கேட்டார்.

"மரம்" என்றேன். கீழே மோனிக் ஸ்டூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.