டப்பா பந்த்

பேட்டரி எழுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கிய அன்று காலையில்தான் வைஷாலி படி இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் மேலே மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்பின் பேட்டரி அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று அது சொல்லும். ஒரே வாரத்தில் மூன்று குறைவது அநியாயம். பெல் அடித்ததும் அந்த எரிச்சலோடு போய்க் கதவைத் திறந்தால், பள்ளிக்கூட ஆபீசுக்குக் கிளம்பிப்போனவள் உதடு வெளுத்துத் திரும்பி வந்து நிற்கிறாள்.

"ஒண்ணும் இல்ல. ஒரு செகண்ட் கண்ண இருட்டிக்கிச்சு. தண்ணி குடு."

கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். மணி எட்டு பத்து. அறிக்கையின் தலையில் இருந்த நேரமும் எட்டு பத்து. இதையெல்லாம் கவனிக்கிற ஆள் நான்.

எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏறவிட மாட்டேன். இருபதுக்குக் கீழே இறங்கவும் விடமாட்டேன். மெத்தையில் வைத்தால் சூடாகும் என்று மடியில்கூட வைத்ததில்லை. ஏப்ரல் வெயிலுக்குப் பயந்து மேசையையே ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு நகர்த்தினேன். இத்தனைக்கும் அது கம்பெனி லேப்டாப். பூனா விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் ஓடிப்போய்ச் சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன். "இந்த டப்பாவுக்கு ஒரு ஆயா வெச்சிடு நிர்மல்" என்று வைஷாலி கிண்டல் செய்வாள். செய்துவிட்டு, வெளியே போகும்போது வழக்கப்படி சார்ஜர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு எதையும் பந்த் பண்ணாமல் வீட்டைவிட்டு இறங்க முடியாது.

அவள் இதே ஊரில் கட்கியில் பிறந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர்கள் வீட்டில் எதையும் அணைக்க மாட்டார்கள், பந்த் பண்ணுவார்கள். நான் பொள்ளாச்சிக்காரன். கல்யாணமான புதிதில் "டிவி பந்த்" என்று அவள் சொன்னபோது யாரோ கடையடைப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஆபீசுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்டேன். ஏழு வருஷமாகியும் அவள் உறவில் ஒரு கல்யாணம் விடாமல் இந்தக் கதை ஓடுகிறது.

எங்கள் வீட்டில் டப்பா மூன்று. லேப்டாப் ஒன்று. கீழ்வீட்டுச் சாந்தகுமாரி அக்கா மதியம் கட்டிக்கொடுக்கிற சாப்பாடு இன்னொன்று. பூனாவில் அதற்கு டப்பா என்றுதான் பெயர். மூன்றாவது, வைஷாலியின் இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும் பேஸ்மேக்கர். இருபத்தொன்பது வயதில் வைத்தது. ஒன்பது வருஷமாக அவள் இதயத்தை அதுதான் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் அவள் டப்பா என்றுதான் சொல்வாள். கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சாந்தகுமாரி அக்கா உட்பட.

ஜூன் மாதச் சோதனையில் அவள் நெஞ்சின்மேல் வட்டமாக ஒன்றை வைத்துத் திரையில் பார்த்துவிட்டு, பேட்டரி மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். சின்ன ஆபரேஷன்தான். வைஷாலி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற அந்த இடைவெளியில் என்ன ஆகும்? அதற்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் போட்டுக்கொள்வோம், கவலைப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள்.

பள்ளியில் அட்மிஷன் முடியட்டும் என்று முதல் தேதியைத் தள்ளினாள். மழை குறையட்டும் என்று இரண்டாவதை. கணபதி பண்டிகை போகட்டும் என்று மூன்றாவதை. நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்த இடைவெளியை நினைத்தால் எனக்கும் பயமாக இருந்தது. அவளுடைய பேட்டரியைப் பார்க்க என்னால் முடியாது, அதனால் பார்க்க முடிந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தைந்துக்கு இறங்கிய அன்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரம் எண் அசையவில்லை. அந்த இரண்டு வாரமும் அவள் படியேறிப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். அறுபத்திரண்டு ஆன அன்று பள்ளியிலிருந்து போன் வந்தது, கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கினாள். நான் லேப்டாப்பை மூடிக் கட்டிலோர ஸ்டூலில் வைத்தேன். மூடினால் அது தூங்கும். விளிம்பில் ஒரு வெள்ளை விளக்கு விட்டுவிட்டு மின்னும். சும்மாதான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விளக்கு மின்னியது, நாடி துடித்தது. மறுபடி மின்னியது, மறுபடி துடித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு அறுபது. படுத்திருக்கும்போது அறுபதில் ஓடும்படிதான் அவள் டப்பாவை வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து நிமிஷம் பார்த்தும் ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. மூடியைத் திறந்தேன். விளக்கு மின்னுவதை நிறுத்தியது. அவள் கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"என்ன, நாடி பாக்குறியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இல்ல கண்ணு. சும்மா கையப் புடிச்சேன்."

"அரே, ஏழு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?" சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தாள். நான் மூடியை மறுபடி மூடினேன்.

கம்பெனியில் லேப்டாப்புகளைப் பார்த்துக்கொள்கிற சலீம் அந்த வாரம் மூன்றாவது மெயில் அனுப்பியிருந்தான். நாலு வருஷமாகிவிட்டது, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் சார். முதல் மெயிலுக்கு முக்கியமான வேலை இருக்கிறது என்றேன். இரண்டாவதுக்கு மழை என்றேன். மூன்றாவதை வைஷாலி பார்த்துவிட்டாள்.

"ஏன் குடுக்க மாட்டேங்குற?"

எனக்குப் பொய் வரவில்லை. எட்டு பத்தில் தொடங்கி விளக்குவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தோள்பட்டைப் புடைப்பை விரலால் தடவிக்கொண்டாள்.

"எனக்கும் பயம்தான் நிர்மல். அத எடுத்துட்டா, அந்த ஒரு நிமிஷம் நான் எங்க இருப்பேன்னு தெரியல." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, ஒரு சௌதா போட்டுக்கலாம். நீ உன் டப்பாவக் குடு. மறுநாள் நான் என் டப்பாவ மாத்திக்கறேன். யாரும் பின்வாங்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி என்று முடிவானது. வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். நான் கிளம்பும்போது மணி பதினொன்று; தூங்கி எழுந்து குளிக்கிறேன் என்று படுத்திருந்தாள். சார்ஜர் ஒயரை நான் சுருட்டியபோது, "சுவிட்ச பந்த் பண்ணிட்டுப் போ" என்றாள். பந்த் பண்ணிவிட்டுப் போனேன்.

சலீம் இருப்பது கராடியில் எங்கள் ஆபீசின் தரைக்குக் கீழ்த்தளத்தில். வாணியம்பாடிக்காரன். தமிழ் கேட்டால் முகம் மலரும். என் கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசினான். மாற்றி முடித்து, பழையதைக் கவிழ்த்துப் போட்டு திருகாணிகளைக் கழற்றினான். அடித்தகடு அவன் திறக்கும் முன்பே தானாக மேலெழும்பியது.

"ஐயோ சார், பேட்டரி ஊதிப்போயிருக்குது. இத வெச்சிக்கிட்டா வீட்ல இருந்தீங்க? எப்ப வேணா புகைஞ்சிருக்கும்."

இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அப்பளம்போல உப்பியிருந்ததை அவன் பிடுங்கி எடுத்து, தனியே ஒரு இரும்புத் தட்டில் வைத்தான். அப்போது போன் அடித்தது. சாந்தகுமாரி அக்கா.

"தம்பி, டப்பா பந்த் ஆயிடுச்சு..."

"அக்கா, எந்த டப்பாங்க?"

கீழ்த்தளத்தில் சிக்னல் போய்விட்டது. வைஷாலிக்குப் போட்டேன். இணைப்பே கிடைக்கவில்லை. அறையின் வாசற்படிக்கு ஓடினேன். அங்கே ஒரு கோடு சிக்னல் வந்தது. அவள் போன் முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அக்காவுக்குப் போட்டேன்.

"என்னாச்சுங்க்கா? என்ன பந்த்?"

"கேஸ் தீந்துடுச்சு தம்பி. புது சிலிண்டர் நாளைக்குத்தான் வரும். அதான் இன்னிக்கி டப்பா பந்த், வெளியில சாப்ட்டுக்குங்கன்னு சொல்லலாம்னு..."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பாடு. வெறும் சாப்பாடு. வாழ்நாளில் யாரும் சமைக்க முடியாமல் போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"வைஷாலிகிட்டயும் சொல்லலாம்னு மேல போயி பெல் அடிச்சேன். தொறக்கல. தூங்குது போல."

சிரிப்பு நின்றது. "எத்தன வாட்டி அடிச்சீங்க?"

"மூணு நாலு வாட்டி."

"இன்னொரு வாட்டி போங்கக்கா. போனக் கட் பண்ணாதீங்க. கதவத் தட்டுங்க."

அக்கா என்னவோ புரிந்துகொண்டு பேச்சை நிறுத்தினாள். அவள் செருப்பு படியேறுகிற சத்தம் கேட்டது. அறுபது வயது, முட்டிவலி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. நான் திரும்பி உள்ளே பார்த்தேன். சலீம் லேப்டாப்பை நிமிர்த்தி, வாசலை ஒட்டிய மேசையில் வைத்திருந்தான். பேட்டரி தட்டில் கிடந்தது. சார்ஜர் என் பையில் இருந்தது. மூடிய லேப்டாப்பின் விளிம்பில் வெள்ளை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"சலீம், அது எப்படி எரியுது?"

அவனும் அப்போதுதான் பார்த்தான். குனிந்து, தலையைச் சாய்த்து, தட்டையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். "உள்ள எங்கயாச்சும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் சார். தானா போயிடும்." ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது. பவர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். "அமுக்கிப் புடிச்சா மிச்சமும் எறங்கிடும்."

"தொடாத."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சிக்னல் போய்விடக் கூடாதே என்று ஒரு காலை வாசற்படியிலேயே வைத்தபடி எட்டி, அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். போனில் எங்கள் வீட்டுக் குருவி பெல் கூவியது. அக்கா, "வைஷாலி, ஏ வைஷாலி" என்று கதவைத் தட்டினாள். விளக்கு மின்னியது. நான் ஒன்று என்றேன். மின்னியது. இரண்டு. அடுத்தது வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூன்று.

என் விரலுக்கடியில் சலீமின் நாடி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்திருந்தது. குருவி இன்னொரு முறை கூவியது. நான் நான்கு என்று சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.