கரையில்லாத மூன்று வேட்டி

தாஹிராவுக்குக் கருநாக்கு என்று தண்டையார்பேட்டையில் அவள் தெரு முழுக்கப் பேச்சு. தெரு சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அவளே அதை நம்பினாள் என்பதுதான் வம்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முடியாமல் கிடந்த அம்மாவைப் பார்த்து, நோன்பு வரைக்கும் தாங்குவாங்களா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். பத்தாம் நாள் அம்மா மவுத்தாகிவிட்டார். அன்றிலிருந்து சாவோடு ஒட்டிய எந்தச் சொல்லையும் அவள் நாக்கில் வைப்பதில்லை.

அந்தப் பயம்தான் விமான நிலையத்தில் அவளைக் கவிழ்த்தது. கணவன் காஜா மொய்தீனோடு மக்காவுக்குப் போய் உம்ரா முடித்துத் திரும்பியிருந்தாள். ஜம்ஜம் கேன் வந்தது, காஜாவின் பெட்டி வந்தது, அவளுடைய நீலப் பெட்டி மட்டும் வரவில்லை. அதற்குள்தான் அவளைப் பெற்ற அத்தாவின் கஃபன், அடக்கம் செய்யும்போது உடம்பைச் சுற்றுகிற துணி, இருந்தது. அம்மா இறந்தபோது அத்தா சௌக்கத் அலி ஒரே துணித் தானில் இரண்டு பேருக்கும் கிழித்து, தன் பங்கை பீரோவில் வைத்துப் பூட்டியவர். முப்பது வருஷம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நெஞ்சு இப்போது கெட்டுப்போய்ப் படுத்த படுக்கை. மக்காவில் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவரச் சொல்லி அவரே எடுத்துக் கொடுத்த துணி அது. வேறு துணி வாங்கி வீட்டிலேயே நனைத்துவிடலாமே என்றான் காஜா. நனைக்கலாம்தான். அம்மாவைச் சுற்றிய தானை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

விமானக் கம்பெனி கவுன்டரில் இருந்தவள் ராயபுரத்துப் பெண், பெயர் ரேச்சல். பெட்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுப் படிவத்தில் எழுதினாள். பேரீச்சம்பழம், தஸ்பீஹ் மணிமாலை என்று சொல்லிக்கொண்டே வந்த தாஹிரா, அத்தாவின் துணி என்று வந்ததும் திணறி, வெள்ளை வேட்டி மூன்று என்று சொல்லிவிட்டாள். உயிரோடிருக்கிற தகப்பனுக்குக் கஃபன் என்று எழுதிக்கொடுக்க எந்த மகளுக்கு மனசு வரும்?

ரேச்சல் விதியையும் சொன்னாள். இருபத்தொரு நாள் பார்ப்பார்களாம். வராவிட்டால் தொலைந்ததாக வைத்து நஷ்டஈடு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் மதிப்புள்ள பொருளென்றால், பெட்டியைப் போடும்போதே அதைத் தனியாக அறிவித்துக் கட்டணம் கட்டியிருக்க வேண்டுமாம். தாஹிராவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அந்தத் துணிக்கு என்ன மதிப்பு என்று அறிவிப்பது?

வீட்டுக்கு வந்ததும் அத்தா முதலில் கேட்டது துணியைத்தான். உங்க பீரோவிலேயே வைத்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னாள். பொய்க்கு மட்டும் கருநாக்கு பலிப்பதில்லை பாருங்கள். அவர் தினமும் கேட்டார், அவளும் தினமும் அதையே சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மெட்ரோ பிடித்து ரேச்சல் முன்னால் போய் நின்றாள். அத்தாவின் மூச்சோ நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. பெட்டி வருவதற்குள் அவர் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டப் பார்த்து, அவர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ரேச்சல் ஃபோனில் கூப்பிட்டாள். வழியில் விமானம் மாறிய ஊரில், சீட்டு கிழிந்த நீலப் பெட்டி ஒன்று கிடக்கிறதாம். பேரீச்சம்பழம் இருக்கிறது, மணி இருக்கிறது, ஆனால் வேட்டி இல்லை என்று போன வாரமே ஒதுக்கிவிட்டார்களாம். உள்ளே இருப்பது கரையில்லாத, தைக்காத, பழுப்பேறிய மூன்று துணிகள்.

தாஹிரா எழுந்து வாசல் பக்கம் நகரப் பார்த்தாள். ஃபோனில் வந்த குரல் அத்தாவுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அக்கா, நானும் ராயபுரத்துல பொறந்தவதான். அது இன்னா துணின்னு எனக்குப் புரியுது," என்றாள் ரேச்சல். "ஆனா நீங்க உங்க வாயால சொன்னாதான் படிவத்த மாத்த முடியும். இன்னிக்கு மாத்தினா வெள்ளிக்கெழம வந்துடும்."

சொன்னால் அத்தா போய்விடுவார், சொல்லாவிட்டால் துணி போய்விடும். தாஹிரா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கஃபன். எங்க அத்தாவோட கஃபன்."

ஃபோனை வைத்துவிட்டு அத்தா பக்கம் திரும்பினாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அத்தா தலைமாட்டில் மடித்து வைத்திருந்த பச்சை பெல்ட்டைத் தடவி, அதன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"பீரோ சாவி எங்கிட்டதானேம்மா கீது," என்றார். "துணிய எடுத்துக் குடுத்ததுலேர்ந்து எங்கிட்டதான் கீது."

தாஹிரா கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். திங்கள் என்றாள். அவர் ஒவ்வொரு விரலாக மடக்கி வெள்ளிக்கிழமை வரைக்கும் எண்ணினார். பிறகு கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.