நாற்பது செடி வரிசை

மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணையில் செடி எண்ணுவதுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை. மூன்று ரகம், மூன்று பருவம், மூன்று இடைவெளி. ஆறு மீட்டர் வரிசையில் இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் இருபத்து நான்கு செடி, பதினைந்துக்கு ஒன்று என்றால் நாற்பது. நெருக்கி நட்டால் கதிர் கூடும், ஆனால் சூம்பிப்போகும். அதுவும் கோடையில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி. எது கட்டுப்படியாகும் என்று அதிகாரி மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். எத்தனை செடி நின்றது என்று நாங்கள் சொன்னால்தான் அவர் விளைச்சலையே கணக்கிட முடியும்.

அன்று உச்சிவெயில். மழைக்கால விதைப்பு, நீண்ட நாள் ரகம், நெருக்க நடவு. ஆளையே மறைக்கிற உயரம். வீட்டுக்காரர் உரக்க எண்ணிக்கொண்டே உள்ளே போனார். நான் வரப்பில் நின்று நோட்டில் கோடு போட்டேன். முப்பத்தொன்பது, நாற்பது. நோட்டை மூடப் போனேன்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"யோவ், வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா? வரிசையே நாப்பதுதான்!"

"நாப்பத்திரெண்டு. நாப்பத்திமூணு."

ஓடிப்போய் மறுமுனையைப் பார்த்தேன். வரிசை அங்கே முடிந்திருந்தது, அப்பால் வெறும் கட்டாந்தரை. ஆள் வெளியே வரவில்லை. குரல் மட்டும் உள்ளுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஐம்பத்தாறு, அறுபது, தேய்ந்து தேய்ந்து. ஒரு தோகைகூட அசையவில்லை. எரிந்து விழுந்தாலும் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மனுஷன்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே நிற்பவர் 'தப்பு' என்று கத்தினால், உள்ளே இருப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசைத் தலைக்குத் திரும்ப வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான் வரிசைத் தலைக்கு ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

"தப்பு! தப்புய்யா! திரும்பி வா!"

குரல் நின்றது. பிறகு காலடிச் சத்தம். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். தோகைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அதே காக்கிச் சட்டை, அதே இரைப்பு.

"என் தப்புதாம்மா. கோவிச்சுக்காதே. கையைக் குடு," என்றது இடப்பக்கக் குரல், அவ்வளவு பிரியமாக.

"எவ சொன்னா தப்புன்னு? எண்ணத் தெரியாதவளுக்கு நோட்டு ஒரு கேடு!" என்றது வலப்பக்கம்.

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒருநாளும் தன் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ நாள் ஏங்கி அழுதிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, என் கை முதலில் இடப்பக்கம்தான் நீண்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்து, சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

திட்டிக்கொண்டே வரப்பில் வந்து விழுந்தார். கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"பரவால்லம்மா," என்றது இடப்பக்க வரிசை, அவருடைய குரலிலேயே. "நான் இங்கயேதான் இருப்பேன். எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடு."

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த வரிசையை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.