காவல் இல்லாத சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு கெட்ட பழக்கத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெல்ஜியத்தில் எங்கள் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் காப்பிக்கடைச் சுவரில் புது சைக்கிள் சாய்ந்திருந்தால் யாரும் சும்மா தாண்டிப் போகமாட்டோம். நடுக்கம்பிக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்போம். சொந்தக்காரரிடம் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. தூக்கியவர் எடையைச் சத்தமாகச் சொல்லவேண்டும், அதுதான் மரியாதை. "ஏழரை கிலோ" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய் உட்காருவோம்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சைக்கிளை மட்டும் யாராலும் தூக்கிப் பார்க்க முடியவில்லை. எங்கள் சைக்கிள் கிளப்பின் ஹெர்விக் அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். குளிர்காற்றில், காப்பியை வெளியே வரவழைத்து, ஒற்றைக் கையால் குடித்தார். அப்போதே எனக்கு அரிப்பு தொடங்கிவிட்டது.

2

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போனது.

"அறுபத்து மூன்று வயதில் ஹெர்விக் முதன்முதலாக ஒரு பொய்யை—"

சே. கோர்ட்டில் வக்கீல் பேசுகிற மாதிரி இருக்கிறது.

"தூறல் விழுந்துகொண்டிருந்த அந்தக் காலையில்—"

தூறலில் தொடங்கும் கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன், உங்களை ஏன் படுத்தவேண்டும்?

சத்தத்திலிருந்து தொடங்கலாம். அதே ஞாயிறு, காப்பிக்கு அரை மணி முன்னால், கல்லறை ஏற்றம். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிப் போகும் கல் பாவிய பாதை அது. பாதி ஏற்றத்தில் ஹெர்விக்கின் சைக்கிளிலிருந்து ஒரு சத்தம் வந்தது: கரகர, கடக், டங். எட்டுப் பேரும் திரும்பினோம்.

"என்ன ஹெர்விக், வண்டிக்குள்ள காப்பிக்கொட்டை அரைக்கிறியா?" என்றான் ரூலாந்த். எங்கள் கிளப்பில் வாய்க்குப் பேர்போனவன் அவன்.

"புதுச் செயின்ப்பா. இன்னும் பழகல."

"செயினுக்குப் பழகலையா, உனக்குப் பழகலையா?"

ஹெர்விக் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

3

விஷயத்தை மறைத்து வைத்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை. அது மின்சார சைக்கிள். பெடலுக்கு நடுவில் சின்ன மோட்டார், கீழ்க்கம்பிக்குள் பேட்டரி. பார்த்தால் சாதாரணப் பந்தய சைக்கிள், தூக்கினால் பன்னிரண்டு கிலோ. அக்டோபரில் ஹெர்விக்குக் கைவலி வந்து, இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லறை ஏற்றத்தில் பாதி ஏறும் முன்பே அது நூற்றைம்பதைத் தொட்டுவிடும்.

எங்கள் ஞாயிறு ஓட்டத்தில் மோட்டாருக்கு இடமில்லை. அது கிளப்பின் விதி.

அந்த விதியைக் கொண்டுவந்தவர் ஹெர்விக்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களோடு ஓட்டிக்கொண்டிருந்த ஓடீல் இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் மின்சார சைக்கிளில் வந்தார். "மோட்டார்தான் வேணும்னா மொபெட்ல வந்துடேன்ப்பா" என்றார் ஹெர்விக், எல்லார் முன்னாலும். ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. காப்பிக்கடையின் உள்சுவரில் ஆளுக்கொரு கொக்கி உண்டு, தொப்பி மாட்ட. ஓடீல் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கொக்கியில் இன்றுவரை யாரும் எதையும் மாட்டியதில்லை.

(உயர்ந்த கைகளில் ஒன்று என்னுடையது. கூட்டக் குறிப்பேட்டில் "ஒருமனதாக" என்று எழுதியதும் நான்தான். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. இந்தக் கதைக்குத்தான் இத்தனை அடித்தல் திருத்தல்.)

4

இந்த இடத்தில் ஹெர்விக்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதற்கு இந்தத் திருட்டுத்தனம்? சொல்லித் தொலைக்கலாமே. இல்லையென்றால் தனியாக ஓட்டலாமே.

இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த மனிதருக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஞாயிறுக்காகக் காத்திருப்பதுதான் வேலை. நாற்பது வருஷமாக அதே எட்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அந்த முதுகுகள் இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? பாவம், பயந்துபோயிருக்கிறார். அதோடு திட்டுவதை நிறுத்தினேன்.

மோட்டார் சத்தம் காற்றில் அடங்கிவிடும். காட்டிக்கொடுப்பது கியர் மாறும் சத்தம் மட்டும்தான். ஹெர்விக் வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்தார். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார், கோளாறு கால்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி ஏறிப் பார்த்தார். கரகர, கடக். போதாக்குறைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின.

இந்த மாதிரி சைக்கிளை நாலு வருஷமாக ஓட்டுகிற ஒரே ஆளை அவருக்குத் தெரியும். அங்கே போவதற்கு ஒன்பது நாள் யோசித்தார்.

5

(நான் அங்கே இல்லை. ஓடீல் என் பக்கத்துத் தெரு. அவர் சொன்னது பாதி, நான் கட்டியது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

கதவைத் திறந்த ஓடீல் ஹெர்விக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளின் கீழ்க்கம்பியைத்தான் பார்த்தார். அதன் தடிமன் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அட, மொபெட்ல வந்திருக்கியா?"

ஹெர்விக்கின் காது சிவந்தது. "திட்டணும்னா திட்டு. திட்டி முடிச்சிட்டு இதைக் கொஞ்சம் பாரு."

"நாலு வருஷமா யோசிச்சு வச்சிருந்தேன். இப்ப பார்த்து ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. உள்ள கொண்டா."

முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"எவ்வளவு காத்து?"

"ஏழு பார். எப்பவும் ஏழுதான்."

"மடையா. இவ்வளவு அகல டயருக்கு நாலரை போதும். கல்லுல விழற ஒவ்வொரு குலுக்கலும் நேரா உன் கைக்குத்தான் வருது. எந்த விரல் மரத்துப்போகுது?"

"சுண்டுவிரலும் மோதிரவிரலும். போகப்போக கை மொத்தமும்."

"மரத்த கையால பட்டனை அமுக்குனா, எப்ப அமுக்குனோம்னே தெரியாது. அதுக்குள்ள ஏத்தம் வந்துரும், நீ பதறி மிதிப்ப. அப்புறம் கியர் கத்தாம என்ன பண்ணும்?"

காற்றை இறக்கினார். ஹேண்டிலுக்கு அடியில் இரண்டு வளையம் கொடுத்து உயர்த்தினார்.

"கிழவன் சைக்கிள் மாதிரி ஆயிரும் ஓடீல்."

"கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு?"

ஹெர்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை பல்லோடு நிற்கவில்லை.

"இப்ப காலுக்கு வா. நாப்பது வருஷமா கியர் மாத்துறப்போ இன்னும் அழுத்தி மிதிச்சே பழகிட்ட. உன் கால் மட்டும்னா செயின் தாங்கும். இப்ப மோட்டாரும் கூட இழுக்குது. நீ அழுத்துனா அதுவும் அழுத்தும். அரைச் சுத்து முன்னாடியே காலைத் தளர்த்து. நிறுத்தாத, சும்மா தளர்த்து. மோட்டார் அடங்க ஒரு நொடி ஆகும். அடங்குனதும் பட்டன். ஒரு தடவைக்கு ஒரு கியர்."

"ஏத்தத்துல தளர்த்துனா பின்னாடி வர்றவன் முந்திருவானே?"

"முந்தட்டும்."

ஹெர்விக் சைக்கிளைத் தெரு மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்று மாலை முழுக்க அந்தத் தெருவில் ஏறி இறங்கினார். பதினேழாவது தடவை கியர் சத்தமே இல்லாமல் மாறியது. ஓடீல் கை தட்டினார்.

கிளம்பும்போது ஹெர்விக் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓடீல், அன்னைக்கு நான் உன்னை—" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவர்தான் விட்டார்.

"அதெல்லாம் கிடக்கட்டும்" என்றார் ஓடீல். "ஞாயித்துக்கிழமை கடைச் சுவர்ல சாய்ச்சு வச்சிட்டு உள்ள போ. காவல் நிக்காத. எனக்கு அது போதும்."

6

முடிவு. இரண்டு எழுதி இரண்டையும் கிழித்தேன்.

முதலாவதில் ஏற்றத்தில் செயின் அறுந்து, ஹெர்விக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லில் விழுகிறார். இரக்கம் வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கொல்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டாவதில் ஹெர்விக்கும் ஓடீலும் கைகோத்துக்கொண்டு கடைக்குள் நுழைய, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். எங்கள் கிளப்பில் பியருக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் எழுந்து நின்றதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஞாயிறு, கல்லறை ஏற்றம். ஹெர்விக் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கல் தொடங்கும் முன்பே கால் தளர்ந்ததைப் பார்த்தேன். ரூலாந்த் அவரை முந்தினான். கியர் மாறியது, எனக்கு எதுவுமே கேட்கவில்லை. ஹெர்விக் இனி பத்து வருஷத்துக்கு இப்படியே ஓட்டலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

கடைக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஒரு நிமிஷம் சீட்டின்மேல் கை வைத்தபடி நின்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டு உள்ளே போய், ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

7

நான் வெளியேதான் நிற்கிறேன். என் இரண்டு விரலும் நடுக்கம்பிக்கு அடியில் இருக்கின்றன. தூக்கிவிட்டேன், கனக்கிறது.

"எழுத்தாளரம்மா!" ரூலாந்த் வாசலில் நின்று கத்துகிறான். "எத்தனை கிலோ?"

ஜன்னலுக்குள்ளிருந்து ஹெர்விக் என்னையே பார்க்கிறார். தலையை ஆட்டவில்லை, கண்ணால் கெஞ்சவும் இல்லை. அவருக்குப் பின்னால் அந்தக் காலிக் கொக்கி தெரிகிறது.

ஏழரை என்று சொன்னால் அவருடைய ஞாயிறுகள் பத்திரம், கொக்கி காலியாகவே கிடக்கும். பன்னிரண்டு என்று சொன்னால் மறுபடி ஓட்டெடுப்பு, மறுபடி கைகள். இந்த முறை எத்தனை உயரும் என்று எனக்குத் தெரியாது. என் கையைப் பற்றியே எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

ஒரு தடவை இந்தக் கிளப்புக்காக நான் ஒரு சொல் எழுதிவிட்டேன். இன்னொன்றை என்னைக் கேட்காதீர்கள்.

வாருங்கள், இப்படி வந்து நில்லுங்கள். விரலைக் கொடுங்கள். ரூலாந்த் காத்துக்கொண்டிருக்கிறான்.

எத்தனை கிலோ?